லாபம், ரெண்டு, மூணு

பேட்டை,
3.2.2025

அன்பு மகள் இசக்கிச்செல்விக்கு அப்பா பிச்சைக்கண்ணு எழுதிக்கொண்டது. இங்கன நான், உன் அம்மா, பட்டறை எல்லாம் சுகம். என் இடது காது மட்டும் வழக்கம்போல லீவுல இருக்கு. அங்கே உன் உடம்பு எப்படி? விடுதிக்காரன் இன்னும் சாம்பாரைத் தண்ணிப் பந்தலில் இருந்துதான் எடுத்துட்டு வாரானா?

போன் இருக்கையில் எதுக்குக் கடுதாசின்னு அம்மா கேக்கா. நீ சொல்லித்தான் எழுதுதேன். லேத்து பக்கத்திலேயே நின்னு பாதிக் காது போனவனுக்குப் பையப் பேசத் தெரியாது. போன வாரம் உன்கிட்ட போனில் "உள்ள ஒரு சாமான் இருக்கு, யாருக்கும் தெரியாது"ன்னு ரகசியம் சொன்னேனே, மறுநாள் டீக்கடையில் "உள்ள என்ன இருக்கு அண்ணாச்சி?"ன்னு கேட்டானுக.

அந்த உள்ள இருக்குத சாமான்தான் இந்தத் தாள் கட்டில் படமா வருது. காப்புரிமைக்கு எழுதிப் போடுத உன் ஆபீஸ் மேடத்துக்கு நீ விளக்கிச் சொல்லணும், அதனால திருப்பிச் சொல்லுதேன். நெல் அவிக்குத பாய்லரில் ஆவி கூடிப்போனா, வால்வு மூடியைத் தூக்கிக்கிட்டு ஆவி வெளிய சீறணும். திசையன்விளைப் பக்கம் போர்த் தண்ணி உப்பு. உப்பு படிஞ்சு படிஞ்சு மூடி ஒட்டிக்கிடும். ஆவிக்கு வழி இல்லைன்னா அதுவா ஒரு வழி பண்ணிக்கிடும். அந்த வழியில் நிக்குதவன் பாடு பாவம்.

நான் மூடிக்கு அடியில் பல்லு வச்ச ஒரு வளையம் போட்டிருக்கேன். ஆவி சீறும்போதெல்லாம் அது சுத்தி, உப்பைச் சுரண்டித் தள்ளிரும். சோத்துக்குக் காத்துக் கிடந்தப்போ உன் அம்மா தேங்காய் துருவுததைப் பாத்து வந்த யோசனை. அதனால அதுக்குப் பேரே துருவி. துருவி இருக்குத தைரியத்தில்தான் வால்வோட வாயைக் குறுக்கி, சின்னதாப் பண்ணியிருக்கேன்.

படம் ஆறு தாள். நம்ம முறைப்படி எண் போட்டிருக்கேன். கோடு கோணலா இருந்தா, பத்தாம் வகுப்பை ரெண்டு தடவை படிச்சவன்னு மன்னிச்சுக்கோ. அனிஷா மேடம் பெரிய ஆளா இருக்கலாம். ஆனா அந்த ஆபீஸில் கம்ப்யூட்டரில் ஏத்தி அனுப்புத கை உன் கைங்குதபோது எனக்குக் கவலையே இல்லை.

முறுக்கும் இதே கட்டில் இருக்கு. படத்தில் எண்ணெய்க் கறை தெரிஞ்சா அது கண்டுபிடிப்பு இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா

*

சென்னை,
13.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு, செல்வி. நான் நலம். சாம்பார் மட்டும் அப்படியேதான். காது டாக்டரைப் பார்த்தீங்களா, இல்லை அவர்தான் பட்டறைக்கு வந்து உங்களைப் பார்க்கணுமா?

நேற்று சாயந்தரம் காப்புரிமை விண்ணப்பம் தாக்கல் பண்ணியாச்சு. இலங்கையிலும் இதே மாதிரி மில்கள் இருக்கிறதால, வெளிநாடுகளுக்கும் சேர்த்துப் போடுற விண்ணப்பமாவே மேடம் போடச் சொல்லிட்டாங்க. ஆபீஸ் மூடுறதுக்குள்ளே ஏத்தணும்னு ஒரே ஓட்டம்.

இந்த வேலையில் தேதிதான் உயிர்னு மேடம் சொல்வாங்க. பிப்ரவரி பன்னிரண்டுன்னு நமக்கு ஒரு தேதி விழுந்திருக்கு. இனி இதே சாமானோட யார் வந்தாலும் வரிசையில் நமக்குப் பின்னாடிதான். ஸ்ரீவைகுண்டம் கண்காட்சியில் நீங்க வால்வைத் தைரியமா வைக்கலாம். உள்ளே மட்டும் திறந்து காட்டாதீங்க, ஒரு ஜாக்கிரதைக்கு.

முறுக்கு தீர்ந்துபோச்சுன்னு அம்மாகிட்ட சொல்லுங்க.

உங்கள் செல்வி

*

பேட்டை,
26.2.2025

அன்பு மகளுக்கு அப்பா. எல்லாரும் நலம், காது நீங்கலாக.

கண்காட்சி முடிஞ்சுது. நீ தேதி சொன்ன மறுநாளே பட்டறை வாசலில் பெயிண்டால '12.2.2025'ன்னு பெரிசா எழுதிட்டேன். போறவன் வாரவன் எல்லாம் "உங்க பேரனுக்குப் பொறந்த நாளா?"ங்கான்.

பேட்டைக்காரர் சிவசண்முகம் வந்தாரு. பாய்லர் சாமான் செய்யுதவரு, நம்மளவிடப் பெரிய பட்டறை.

"என்னவே பிச்சைக்கண்ணு, வால்வா இது, குங்குமச் சிமிழா?"

"மூக்குப்பொடி டப்பி அண்ணாச்சி. தும்மும்போது தள்ளி நிக்கணும்."

"மூடியைத் திறயும், பாப்போம்."

"தேதி வாங்கின சாமான். கண்ணால பாக்கலாம், கையை வைக்கப்படாது."

அவரு சிரிச்சாரு. பல்லு மட்டும்தான் சிரிச்சுது. அப்புறம் நாலு பக்கமும் செல்லில் படம் பிடிச்சாரு. ஒவ்வொரு படத்துக்கும் தன் விரலைப் பக்கத்தில் வச்சுக்கிட்டாரு. என்னத்துக்குன்னு வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதுதான் விளங்குச்சு. விரல் அவருடையது, அளவு நம்மது.

இருக்கட்டும், நமக்குத்தான் தேதி இருக்கே.

உன் பேச்சித்தாய் அத்தைக்குத் திசையன்விளையில் ஜெய்சன் அண்ணாச்சி ரைஸ் மில்லில் வேலை கிடைச்சிருக்கு. நெல் காயப்போடுத களம். "உன் பட்டறையைவிட அங்கன சத்தம் குறைவுண்ணே"ங்கா. தங்கச்சின்னா இப்படி இருக்கணும்.

வெயில் ஏறுது, மோர் குடி.

அப்பா

*

சென்னை,
17.3.2025

அன்புள்ள அப்பாவுக்கு, நலம். உடனே பதில் போடுங்க.

காப்புரிமை அலுவலகத்தில் இருந்து கடிதம் வந்திருக்கு. விளக்கத்தில் பல இடத்தில் 'முதல் படத்தில் காட்டியுள்ள துருவி'ன்னு எழுதியிருக்கு. ஆனா முதல் படம் தாக்கலில் இல்லை. இரண்டு முதல் ஆறு வரைக்கும் ஐந்து தாள்தான் இருக்கு. ஒன்றாம் எண் போட்ட தாளை நீங்க அனுப்பினீங்களா? பட்டறையில் எங்கேயாவது கிடக்குதா, தேடிப் பாருங்க.

அம்மாவுக்கு இது தெரிய வேண்டாம். துருவியை யார்கிட்டயும் காட்டாதீங்க.

செல்வி

*

பேட்டை,
22.3.2025

அன்பு மகளுக்கு. சுகமாயிரு. பட்டறையில் தேடவே வேண்டாம். ஒண்ணாம் எண் போட்ட தாள் உலகத்திலேயே கிடையாது.

நான் ஸ்ரீவைகுண்டத்துக் களத்தில் நெல் அளந்து வளந்தவன். நீ பேட்டைப் பிள்ளை, உனக்குத் தெரிய வழியில்லை. மரக்காலால அளக்கும்போது முதல் மரக்காலை யாரும் 'ஒண்ணு'ன்னு சொல்லமாட்டாங்க. 'லாபம்'பாங்க. அப்புறம்தான் ரெண்டு, மூணு. ஒண்ணுன்னு தொடங்கினா விளைச்சல் அந்த ஒத்தையோட நின்னுரும்னு ஒரு பயம். பட்டறையில் போல்ட்டு எண்ணினாலும் எனக்கு லாபம், ரெண்டு, மூணுதான். நம்ம மாரிசெல்வம் வேலைக்கு வந்த புதுசில் "அண்ணாச்சி, நீங்க தெனமும் லாபம் லாபங்கீங்க, கண்ணுலதான் ஒரு நாளும் காணல்லை"ன்னான்.

கட்டில் எல்லாத்துக்கும் மேல, தலையில் 'லாபம்'னு எழுதின தாள் இருந்துச்சே மக்கா, அதுதான் முதல் படம். துருவி அதில் மட்டும்தான் இருக்கு.

அது அங்கன இருக்குல்லா?

அப்பா

*

சென்னை,
30.3.2025

அன்புள்ள அப்பாவுக்கு, நலம். அம்மா முழங்கால் எப்படி இருக்கு?

தாள் இருக்கு. மேலே 'லாபம்'னு பார்த்ததும், அது உங்க பட்டறை வரவு செலவுக் கணக்கு, தப்பா உள்ளே வந்துடுச்சுன்னு நினைச்சு, இங்கே ஒருத்தர் தனியா எடுத்து வச்சிருக்காங்க. அவசரத்தில் கீழே இருந்த படத்தைச் சரியாப் பார்க்கலை.

இப்போ ரெண்டு வழிதான். மே பதினாலுக்குள்ளே அந்தத் தாளை அனுப்பலாம். அனுப்பினா, தாள் போய்ச் சேர்ற நாள்தான் முழு விண்ணப்பத்துக்கும் தேதி. பிப்ரவரி பன்னிரண்டு போயிடும். இல்லைன்னா, அந்தத் தாள் இல்லவே இல்லைன்னு வச்சுக்கோங்கன்னு எழுதிக் கொடுக்கலாம். தேதி நிக்கும், துருவி போயிடும். முன்னாடியே வேற விண்ணப்பத்தில் இந்தத் தாள் இருந்திருந்தா, தேதி மாறாம சேர்த்துக்க வழி உண்டாம். நாம போட்டதே இது ஒண்ணுதான்.

தேதியை விட்டுடலாம்னு மேடம் சொல்றாங்க. வெளிக்கூடு கண்காட்சியில் எல்லாரும் பார்த்தாச்சு, தேதி போனா அது நமக்கு இல்லை. ஆனா துருவியை இன்னும் யாரும் பார்க்கலை. பார்க்காத வரைக்கும், தேதி பிந்தினாலும் அது நம்மது. துருவியை வச்சு எல்லாத்தையும் திருத்தி எழுத மேடத்துக்குக் கொஞ்ச நாள் வேணும். நீங்க சரின்னு எழுதினாத்தான் தொடங்குவாங்க.

அதுவரைக்கும் துருவியைப் பத்தி ஒரு வார்த்தை வெளியே போகக் கூடாது.

கோபமா இருந்தா திட்டி எழுதுங்க.

செல்வி

*

பேட்டை,
15.4.2025

அன்பு மகளுக்கு. அம்மா முழங்கால் பரவாயில்லை, என் காதைவிட நல்லா வேலை செய்யுது.

பதில் பிந்திப்போச்சு. வேலை இருந்துச்சுன்னு சொன்னா பொய். தேதியை விட மனசு வரல்லை. தெனமும் வாசலில் அதைப் பாத்துட்டுத்தான் பட்டறையைத் திறக்கேன். எதிலயும் முதல்ல வராதவனுக்கு ஒரு தடவை முதல்ல வந்தா, இறங்கி வாரது கஷ்டமா இருக்கு.

அந்த ஒருத்தரை வையாதே. அவங்க மேல எனக்கு வருத்தம் ஏதுமில்லைன்னு நான் சொன்னதாச் சொல்லு. சாப்பிடாம கிடக்க வேண்டாம்னும் சொல்லு.

இதை எழுத உட்கார்ந்தது வேற காரணம். சிவசண்முகம் நம்ம வால்வை அப்படியே வார்த்து வித்துக்கிட்டு இருக்காரு. குறுக்கின வாய், சின்னக் கூடு, எல்லாம் நம்மது. உள்ள துருவி மட்டும் இல்லை. அவருக்கு அப்படி ஒண்ணு இருக்குததே தெரியாது. துருவி இல்லாத குறுகின வாய்னா, பழைய வால்வைவிட வேகமா உப்புப் பிடிச்சு ஒட்டிரும். நான் பண்ணினதிலேயே மோசமான பாதியை எடுத்துட்டுப் போயிட்டாரு.

ஜெய்சன் அண்ணாச்சி மில்லிலும் அதுதான் மாட்டியிருக்காம். பேச்சி சொன்னா. உடனே அவருக்குப் போன் போட்டேன்.

"அண்ணாச்சி, அந்த வால்வைக் கழட்டிருங்க."

"ஏன்வே, உம்மகிட்ட வாங்கலைன்னா?"

"உள்ள ஒரு சாமான் குறையுது."

"என்ன சாமான்?"

அங்கனதான் மக்கா, என் வாய் உப்புப் பிடிச்ச வால்வு மாதிரி ஒட்டிக்கிட்டுது.

"சொல்லும்வே, என்ன குறையுது?"

"கழட்டிருங்க அண்ணாச்சி, சொன்னாக் கேளுங்க."

"அங்கன ஒண்ணும் குறையலை. உமக்கு வயித்தெரிச்சல்தான் கூடிப்போச்சு"ன்னு வச்சிட்டாரு.

மேடத்துக்கிட்டக் கேளு. அவரு ஒருத்தருக்கு மட்டும் சொன்னா என்ன?

அப்பா

*

சென்னை,
21.4.2025

அன்புள்ள அப்பாவுக்கு. நலம்னு எழுத வரலை.

மேடத்தைக் கேட்டேன். ரகசியமா வச்சுக்கிறேன்னு கையெழுத்து வாங்காம ஒரே ஒரு ஆளுக்குச் சொன்னாலும் ஊருக்கே சொன்ன கணக்குதானாம். ஜெய்சன் அண்ணாச்சிகிட்டக் கையெழுத்து கேட்டுப் பாருங்க.

நீங்க தேதியை விட்டுடச் சொன்னதா நானே மேடம்கிட்டச் சொல்லிட்டேன். எழுதத் தொடங்கிட்டாங்க. மே முதல் வாரத்தில் தாளோட சேர்த்து அனுப்பிடலாம். அனுப்பின மறுநிமிஷம் நீங்க ஊரெல்லாம் கத்தலாம்.

அதுவரைக்கும் அத்தையை ஏதாவது சாக்குச் சொல்லி வேலைக்குப் போகாம நிறுத்துங்க. கொஞ்ச நாள்தான் அப்பா. கொஞ்ச நாளில் ஒண்ணும் ஆயிடாது இல்ல?

செல்வி

*

திசையன்விளை பஸ் ஸ்டாண்டு,
3.5.2025

அன்பு மகளுக்கு. சுகம்.

கையெழுத்து கேட்டேன். "என் மில்லைப் பத்திப் பேச, நான் உமக்குக் கையெழுத்துப் போடணுமாவே?"ன்னு சிரிச்சாரு. பேச்சியிடம் காய்ச்சல்னு படுத்துக்கிடச் சொன்னேன். "நான் படுத்துக்கிடுதேன், மத்த பொம்பளைக எல்லாரும் படுக்கணுமா? என்னத்துக்குன்னு சொல்லு"ன்னா. சொல்லல்லை.

நேத்து அம்மன் கோயில் கொடைக்கு அவ நம்ம வீட்டுக்கு வந்திருந்தா. சோத்தில் குழம்பை ஊத்திக்கிட்டே சொல்லுதா:

"அண்ணே, இப்பதான் மில்லில் நிம்மதி. முன்னெல்லாம் அந்த வால்வு சீறுத சீறலில் நெஞ்சு அடைச்சிரும். இந்தப் புதுசு ஒரு வாரமாச் சத்தமே இல்லை. முதலாளி வாரவன் போறவனிடம் எல்லாம் பீத்திக்கிடுதாரு."

"ஏளா, ஒரு தடவைகூடச் சீறல்லையா?"

"இல்லேங்கேன். உனக்குத்தான் காது கேக்காது, எங்களுக்குமா?"

அவ சிரிச்சா. உன் அம்மாவும் சிரிச்சா. நானும் சிரிச்சு வச்சேன். அதுக்கப்புறம் தட்டைத் தள்ளி வச்சுட்டேன்.

ஒட்டிட்டு மக்கா. அதனாலதான் சத்தம் இல்லை.

மில்லுக்குப் போறேன். பையில் நம்ம வால்வு இருக்கு. நான் வச்சிருந்த லாபம் தாள் நகலும் இருக்கு. துருவியைக் கழட்டிக் கையில் கொடுத்தாத்தான் அவரு நம்புவாரு. போனில் சொன்னா "ரெண்டு நாள் பொறுங்கப்பா"ம்பே, நானும் பொறுத்துருவேன். அதுதான் கடுதாசி. இது உன் கைக்கு வரும்போது நான் சொல்லி முடிச்சிருப்பேன்.

பஸ் ஸ்டாண்டு டீ நல்லாயிருக்கு. உடம்பைப் பாத்துக்கோ.

அப்பா

*

சென்னை,
8.5.2025

அப்பா,

கடிதம் நேத்துதான் கிடைச்சுது. அதுக்கு முன்னாடியே டிவியில் மில் பாய்லர் வெடிச்சதைக் காட்டினாங்க. உயிர்ச்சேதம் இல்லைன்னு சொன்னாங்க. எத்தனை தடவை போன் பண்ணினாலும் அம்மாதான் எடுக்கிறாங்க. "அப்பா நல்லாத்தான் இருக்காங்க, இப்ப பேச மாட்டாங்க"ங்கிறாங்க. ஏன் பேச மாட்டீங்க? என் மேல கோபமா?

மேடம் எழுதி முடிச்சுட்டாங்க. துருவியை யாராவது பார்த்தாங்களான்னு கேட்டாங்க. தெரியலைன்னு சொன்னேன்.

உங்க குரல் ஒரு தடவை கேட்டாப் போதும்.

செல்வி

*

பேட்டை,
11.5.2025

அன்பு மகளுக்கு அப்பா. இங்கே எல்லாரும் நலம். காதைத் தனியாச் சொல்லல்லை.

மில்லுக்குள்ள போனேன். அவிப்பு நடந்துக்கிட்டு இருந்துச்சு. ஜெய்சன் அண்ணாச்சி முன்னால வால்வைக் கழட்டி, துருவியை அவரு உள்ளங்கையில் வச்சேன். தாளை விரிச்சுக் காட்டினேன். களத்துப் பொம்பளைக, மூட்டை தூக்குதவங்க, எல்லாரும் சுத்தி நின்னு பாத்தாங்க. மேடத்துக்கிட்ட இப்ப தெரியும்னே சொல்லிரு.

அவரு துருவியைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "நல்ல வித்தைதான் வே. ஆனா என் வால்வு ஒட்டியிருக்குன்னு என்ன நிச்சயம்? சீறுதா இல்லையான்னு இப்பவே பாத்திருவோம்"ன்னுட்டு, அடுப்புக்காரர் பக்கம் திரும்பி, "ஏலே, இன்னும் ரெண்டு கூடை உமியைப் போடுலே"ன்னாரு.

நான் வேண்டாம்னு சொல்லுததுக்குள்ள போட்டாச்சு. நான் போகலைன்னா அந்த ரெண்டு கூடை அன்னைக்கு விழுந்திருக்காது. அதை நினைக்காம இருக்கப் பாக்கேன்.

குழாய்மேல கையை வச்சேன், உள்ள நடுங்குச்சு. வால்வுப் பக்கம் ஒரு பொட்டு ஆவியைக் காணோம். அப்ப கத்தினேன் மக்கா. "ஓடுங்க! எல்லாரும் ரோட்டுக்கு ஓடுங்க! ஏளா பேச்சி, எல்லாரையும் இழுத்துட்டு ஓடுளா!"ன்னு. நீ ரகசியத்துக்கு ஆகாதுன்னு சொன்னியே, அதே தொண்டைதான். களத்துக் கடைசியில் நின்னவளுக்கும் கேட்டிருக்கு. முதலாளியும் செருப்பை விட்டுட்டு ஓடினாரு. அடுப்புக்காரரைப் பிடிச்சு வெளிய தள்ளிட்டு நான் கடைசியா வந்தேன். மதில் பக்கத்தில் வரும்போது வெடிச்சுது. அவருக்குக் காலில் சூடு, ஆறிரும். பேச்சிக்கு ஒரு கீறல்கூட இல்லை. பாய்லர் வீடு இருந்த இடத்தில் வானம்தான் தெரியுது.

அந்தச் சத்தம்தான் நான் கேட்ட கடைசிச் சத்தம்.

டாக்டரைப் பாத்தாச்சு. நீ ரொம்ப நாளாச் சொன்னதுதானே. வலது காதும் இடதுகூடப் போய்ச் சேர்ந்துட்டாம். உன் அம்மா பட்டறைச் சத்தத்தில் நான் வையுததைப் பாத்துப் பாத்து என் வாயைப் படிக்கப் பழகினவ. இப்ப நான் அவ வாயைப் படிக்கேன். கோபம்லாம் இல்லைளா. நான் பேசலாம், ஆனா நீ அழுதா எனக்குக் கேக்காது. அது எனக்குப் பிடிக்கல்லை, அதான் போனை வாங்கல்லை.

தாளை அனுப்பச் சொல்லு, அதுக்காகத்தான் இதைக் கூரியரில் போடுதேன். பதினாலுக்குள்ள போய்ச் சேரட்டும். தேதி போகட்டும். ஊரே பாத்தாச்சு, துருவியும் இனி நம்மது ஆகாதுன்னு தெரியும். இருந்தாலும் துருவி இல்லாத வால்வுக்கு என் பேரு வேண்டாம். என் பேரைப் பாத்து ஒருத்தன் செஞ்சா முழுசாச் செய்யட்டும். வாசலில் எழுதினதை நேத்து அழிச்சுட்டேன்.

சிவசண்முகம் வந்தாரு. உள்ள வராம வாசலிலேயே நின்னாரு. லாபம் தாளை நகல் எடுத்துக் கொடுத்தேன். அவரு வால்வு இன்னும் நாலு மில்லில் இருக்காம். ரெண்டு பேரு கழட்டிட்டாங்க. மத்த ரெண்டு பேரு, "எங்களுது நல்லாச் சீறுது"ங்காங்க. நேரில் போய் நின்னு பாத்தேன். "கேக்குதுல்லா அண்ணாச்சி?"ன்னு முகத்தைப் பாத்துக் கேக்கானுக. வாய் அசையுது. அது சீறுதா, அவனுக பொய் சொல்லுதானுகளா, எனக்கு எப்படித் தெரியும்? மாரிசெல்வத்தை உள்ள விடமாட்டேங்கானுக, அவன் போன இடத்தில் எல்லாம் சண்டை போட்டுட்டான். நெல் வரத்து தொடங்கியாச்சு. அடுப்பு அணையாது.

ஒரு வாரம் லீவு போட்டுட்டு வா மக்கா. எனக்கு ஒரு காது வேணும்.

வரும்போது, தாளை எடுத்து வச்ச அந்த ஒருத்தரையும் கூட்டிட்டு வா. அதுக்காக ரயிலுக்கு ரெண்டு டிக்கெட்டு எடுத்துராதே. லாபம் போதும்.

அப்பா